ஐந்தாம் எண் ஊருக்கு வந்தவன்

தோவா கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஏணியோடு வந்தவன், மதிலில் சாய்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அவளுடைய வீட்டு மதில் ஊர் நுழைவாயிலின் தூணை ஒட்டியே நின்றது. விளக்குப் போட வருகிறவர்கள், கொடி கட்ட வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏறுகிற இடம் அதுதான். இந்த ஆளும் அப்படி எதற்கோ வந்திருப்பான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். மறுநாள் அண்ணன் கியெமுக்குத் திதி. சுடுதண்ணீரில் முக்கிய இறகு விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் எழுத்து மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்து, காயப் போட்டிருந்த வைக்கோலில் புதைந்த பிறகுதான் நிமிர்ந்தாள். அந்த ஆள் உளியும் சுத்தியலுமாக நுழைவாயிலின் நெற்றியில் இருந்த 'தோங் சாய்' என்ற பெயரைப் பெயர்த்துக்கொண்டிருந்தான். சிமெண்டில் வார்த்து, சிவப்புச் சாயம் அடித்த எழுத்துகள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கட்டிய வாயில் அது. தோவாவும் இரண்டு பன்றிக்குட்டி விற்றுக் கொடுத்திருந்தாள்.

இடுப்பில் செருகியிருந்த நீலத் தகட்டை எடுத்து, எழுத்து போன இடத்தில் வைத்து அளவு பார்த்தான். 'ஊர் எண் 5' என்று போட்டிருந்தது. தகடு சின்னது, பழைய பெயரின் தடத்தில் பாதியைக்கூட மறைக்கவில்லை.

நாளைக்கு வீட்டில் விசேஷம், இரண்டு நாள் பொறுத்து அடித்தால் என்ன குறைந்துவிடும் என்று அவள் கேட்டாள். அவன் வாயில் இருந்த ஆணியை எடுத்துவிட்டுப் பேசினான்.

"நான் ஆணி அடிக்கிற கூலிக்காரன் அக்கா. அடின்னா அடிக்கிறேன். எங்க ஊருக்குப் போன வாரம்தான் அடிச்சேன். நாங்க பதினொண்ணு."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். சொந்த ஊர்ப் பெயரைத் தன் கையாலேயே பெயர்த்துவிட்டு வந்து சிரிக்கிறவனிடம் என்ன பேச முடியும்? தோவா மிச்ச இறகை வெறியோடு பிடுங்கினாள். தோலும் சேர்ந்து கிழிந்தது. படையலுக்கு வைக்கிற கோழி தோல் கிழிந்திருக்கக் கூடாது. அந்தக் கோபமும் இதோடு சேர்ந்துகொண்டது.

இத்தனைக்கும் இடம் மாறுவது அவளுக்குப் புதிதில்லை. இந்த வீட்டில் பிறந்தவள், இந்த வீட்டிலேயே நரைத்தவள், ஒரு நாளும் மூட்டை கட்டியதில்லை. ஆனாலும் எத்தனை மாகாணங்களில் வாழ்ந்துவிட்டாள். பிறந்தபோது ஹா நாம். பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டபோது பக்கத்து மாகாணத்தோடு சேர்த்து நாம் ஹா ஆக்கினார்கள். சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல. போர் முடிந்ததும் இன்னொன்றையும் இழுத்துச் சேர்த்து ஹா நாம் நின். சேர்ந்தால்தான் வலிமை என்று ஒலிபெருக்கியில் பாட்டு. பிறகு பிரிந்தால்தான் வளர்ச்சி என்று மறுபடி நாம் ஹா, அப்புறம் மறுபடியும் ஹா நாம். இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து நின் பின் என்கிறார்கள். மாவட்டம் என்று நடுவில் ஒன்று இருந்தது, அதை ஒழித்தே விட்டார்கள். மூன்று ஊராட்சிகள் ஒன்றாகி, அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பிறந்தாலும் செத்தாலும் படகேறிப் போய்ச் சொல்ல வேண்டும். பழைய அலுவலகத்தில் பூட்டுத் தொங்குகிறது, வராந்தாவில் யாரோ வாத்து அடைக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அவள் எரிச்சல்படுவாள், திட்டுவாள், மறந்துவிடுவாள். மாகாணம் என்பது மேலே போகிற மேகம் மாதிரி, எந்தப் பேரில் போனால் என்ன, கீழே தோங் சாய் இருந்தது. தாத்தாவின் தாத்தா நாணலை வெட்டிக் குடியேறிய இடம். நாணல் வயல் என்றே பெயர். கியெம் கிளம்பிப் போனபோதும் அதுதான் பெயர். அது இருக்கிறவரை அவனுக்கு வழி தெரியும்.

கியெம் போனது அந்தப் பெருவெள்ளத்து ஆண்டில், வெள்ளம் முழுசாக வடிவதற்குள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது, அவனுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் அவனுக்குப் பின்னாலேயே நடந்து, வாழையிலையில் கட்டிய சோற்று உருண்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ரயில் மேடுவரை போனாள். அடுத்த ஆண்டு தெற்கே குவாங் த்ரி பக்கம் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. எந்த நாள் என்று இல்லை, எந்த இடம் என்று இல்லை, எலும்பும் இல்லை. செத்த நாள் தெரியாதவனுக்கு வீட்டைவிட்டுப் போன நாளில்தான் திதி கொடுப்பார்கள். அது சந்திரக் கணக்கில் ஏழாம் மாதத்தில் வருகிறது. அநாதை ஆவிகளையெல்லாம் திறந்துவிடுகிற மாதம் என்று வீட்டுக்கு வீடு முற்றத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். அந்தக் கூட்டத்தில் தன் மகன் நிற்கக் கூடாது என்பதுதான் அம்மா சாகும்வரை பட்ட கவலை. அம்மாவுக்குப் பிறகு அது தோவாவின் கவலை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டிக்கொள்ள வேண்டிய வயதுப் பையன்களில் பாதிப் பேர் அந்த ரயிலில்தான் போயிருந்தார்கள். இந்த வீட்டிலேயே இருந்து அண்ணனுக்கு ஆண்டுதோறும் சோறு வைத்தாள். கல்லறை இல்லாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது? இன்ன நாட்டில், இன்ன மாகாணத்தில், இன்ன ஊரில் உன் வீடு இருக்கிறது, வந்து சாப்பிடு என்று ஊதுவத்தி ஏற்றிச் சொல்கிற அந்த விலாசம் ஒன்றுதான்.

அந்த விலாசத்தைத்தான் இப்போது வைக்கோலில் தள்ளிவிட்டுப் போகிறான் ஏணிக்காரன்.

யாரைத் திட்டுவது என்று தேடினால் அங்கேயும் வயிறெரிந்தது. ஊருக்கு எண் போடச் சொல்லி மேலிடம் கட்டளையிடவில்லை. தோங் சாயையும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற காவ் மாயையும் ஒரே ஊராகச் சேருங்கள், பெயரை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றுதான் சொன்னது. ஊர்க்கூடத்தில் கூடினார்கள். காவ் மாய்க்காரர்கள் தங்கள் பெயர்தான் என்றார்கள், புத்தர் கோயில் தங்கள் பக்கம் இருக்கிறதாம். தோங் சாய்க்காரர்கள் விடுவார்களா? வெள்ளத்தில் எங்கள் படகை ஓட்டிக்கொண்டு போய் இன்றுவரை திருப்பாதவர்களின் பெயரை நாங்கள் சுமப்பதா என்று எழுந்தார்கள். இரண்டையும் பாதிப் பாதி வெட்டி ஒட்டலாம் என்றார் ஒருவர்; யார் பாதி முன்னால் வருவது என்று அதில் அடிதடி ஆகப் பார்த்தது. அடுத்த கூட்டத்திலும் அதே கதை. கடைசியில் தோவாவின் உறவுக்காரர் பாங் எழுந்து, உங்கள் பெயரும் வேண்டாம், எங்கள் பெயரும் வேண்டாம், எண் வைத்துவிடலாம் என்றார். காவ் மாய்க்காரர்களின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து இந்தப் பக்கம் ஒரே கைதட்டல். தோவாவும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். அவர்கள் பெயர் வராமல் போனதில் இருந்த சந்தோஷத்தில், தங்கள் பெயரும் போகிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எதிராளிக்கு மூக்கு போக வேண்டும் என்று தங்கள் மூக்கையே கத்திக்கு நீட்டியிருக்கிறார்கள். மூக்கு போன பிறகு இப்போது எரிகிறது.

சாயங்காலம் பாங் வந்தார். மூத்த கிளையில் பிறந்தவர் என்பதால் அவர் இந்த வம்சத்தின் தலைவர். வயதில் தோவாவைவிட ஆறு ஆண்டு சின்னவர். ஆனாலும் மூத்த கிளை மூத்த கிளைதான், அவள் அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும், அவர் தங்கச்சி என்பார். பழைய ஊராட்சியில் ஒலிபெருக்கியில் செய்தி வாசித்து ஓய்வுபெற்றவர். தடுப்பூசி, எலி ஒழிப்பு, வெள்ள எச்சரிக்கை எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பார். அந்தக் குரலில்தான் வம்சத்தின் திதிகளுக்கெல்லாம் அழைப்பும் சொல்வார். நாளைக்கு என்னென்ன சமையல் என்று விசாரித்தார். நண்டுச் சாறும் உப்பில் ஊறிய கத்தரிக்காயும் உண்டு என்றதும் முகம் சுளித்தார். அது ஏழைகளின் சோறு, படையலுக்கு ஆகாது என்பது அவர் ஆண்டுதோறும் சொல்வது. கியெமுக்கு அதுதான் பிடிக்கும் என்பது அவள் ஆண்டுதோறும் சொல்வது.

பிறகு அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். நாளைக்கு எந்த ஊர் சொல்லிக் கூப்பிடப் போகிறீர்கள்?

"இப்ப என்ன ஊரோ அந்த ஊர்" என்றார் பாங். "நின் பின் மாகாணம், புது ஊராட்சி, ஊர் எண் அஞ்சு."

"அண்ணனுக்கு அஞ்சு தெரியாது."

"தெரியாதுன்னா தெரிவிக்கணும் தங்கச்சி. அதுக்குத்தானே சொல்றோம். தோங் சாய்னு இப்ப ஒரு ஊரே இல்ல. இல்லாத ஊருக்குக் கூப்பிட்டா அவன் எங்க வந்து நிப்பான்?"

அவருடைய நியாயம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் உட்கார்ந்திருக்கிற இந்தத் தரை எங்கே இருக்கிறது பின்னே என்று கேட்டிருக்கலாம். குளம் இருக்கிறது, அவன் நீந்திய குளம். அம்மா நின்று கூப்பிட்ட படித்துறை இருக்கிறது. இல்லை என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் முத்திரை குத்திவிட்டால் இல்லாமல் போய்விடுமா? அவர் போன பிறகுதான் இதெல்லாம் வாயில் வந்தது. அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முற்பகலிலேயே வம்சத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பாங்கின் மனைவி லுவா அடுப்படிக்கு வந்து கைகொடுத்தாள். வேகவைத்த கோழி, அதன் கிழிந்த தோல் பின்பக்கம் மறைகிறபடி, தட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒட்டரிசிப் பொங்கல், மூங்கில் குருத்துச் சாறு, பொரித்த சுருள்கள். எல்லாவற்றுக்கும் ஓரமாக நண்டுச் சாறும் கத்தரிக்காயும். ஒரு கிண்ணம் சோறு, ஒரு ஜோடிக் குச்சி, சின்னக் கோப்பையில் சாராயம். கியெமுக்குப் புகைப்படம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எடுத்த கூட்டப் படத்தில் கடைசி வரிசையில் தெரிந்த தலையைப் பெரிதாக்கி வரைந்த ஒரு படம்தான் உண்டு. அதில் அவன் யாரோ ஒருவனைப்போல இருந்தான்.

பாங் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு, ஊதுவத்தி ஏற்றி, தொண்டையைச் செருமினார். அதுவே ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. நாட்டின் பெயர் சொன்னார். மாகாணம் நின் பின் என்றார். ஊராட்சியின் புதுப்பெயரை ஒரு எழுத்துக்கூடத் தடுமாறாமல் சொன்னார். "ஊர் எண் ஐந்து" என்று நிறுத்தி, அழுத்தி, எலி ஒழிப்பு வாரம் அறிவிப்பதுபோல அறிவித்தார். பின்னால் கைகூப்பி நின்ற தோவாவுக்குக் கன்னத்தில் யாரோ அறைந்ததுபோல இருந்தது. திதி அழைப்பில் பெண் குறுக்கே பேசுகிற வழக்கம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் தோங் சாய், தோங் சாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் குரலுக்கு முன்னால் அது எங்கே எடுபடும்?

ஊதுவத்தி பாதிக்குமேல் எரிந்ததும் நாணயம் போட்டுக் கேட்க வேண்டும். பழைய செப்புக் காசுகள் இரண்டு, ஒரு பக்கம் சுண்ணாம்பு தடவியது. ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாக விழுந்தால் வந்தவர் வந்துவிட்டார், சாப்பிட்டுவிட்டார், படையலை இறக்கலாம் என்று பொருள். இரண்டும் ஒரே நிறம் என்றால் காத்திருந்து மறுபடி கேட்க வேண்டும். கியெம் திதியில் இது ஒரு பெரிய கேலி. அவன் ஒரு ஆண்டும் முதல் தடவையில் வந்ததில்லை. மூன்று தடவை, நான்கு தடவை போட வேண்டியிருக்கும். ஒரு ஆண்டு சாறெல்லாம் ஆறி, மறுபடி சூடுபண்ணி வைத்தார்கள். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அம்மா படித்துறையில் நின்று தொண்டை கிழியக் கத்துவாள், அவன் குளத்தின் நடுவிலிருந்து இதோ என்பான், வர மாட்டான். எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரத்துக்கு ஈரத்தலையோடு வந்து உட்காருவான். காசு ஒரே நிறமாக விழும்போதெல்லாம் இன்னும் குளத்தைவிட்டு ஏறவில்லை என்று சொல்லி வீடே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே தோவா ஆண்டு முழுக்கக் காத்திருப்பாள். அந்த நேரத்தில்தான் அவன் செத்தவன் மாதிரியே இருக்காது.

பாங் காசுகளைக் குலுக்கித் தட்டில் போட்டார். சுற்றி விழுந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு.

"பார்த்தியா தங்கச்சி" என்றார் பாங். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பட்டாளத்துக்காரன்ல? புது உத்தரவுன்னதும் உடனே வந்துட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பசி வேறு. லுவா படையல் தட்டை இறக்கக் கை நீட்டினாள். தோவா நடுவில் வந்து தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்காதீங்க. இது கியெம் இல்ல."

லுவாவின் கை அப்படியே நின்றது. பாங் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"எங்கண்ணன் என்னைக்காவது முதல் கூப்பாட்டுக்கு வந்திருக்கானா? நீங்களே சொல்லுங்க அண்ணே. ஒரு வருஷமாவது?"

அத்தனை பேருக்கும் தெரியும். பாங்குக்கு நன்றாகவே தெரியும், அவருடைய அப்பாவுக்குப் பிறகு இத்தனை ஆண்டும் அவர்தான் காசு போட்டவர்.

"யாரோ வந்திருக்கான். வாசல்லயே நின்னுட்டிருந்த மாதிரி ஓடி வந்திருக்கான். அவ்வளவு பசி. எல்லா ஊராட்சியிலயும் ஒரு அஞ்சு இருக்கு, எல்லா ஊர்லயும் திரும்பாத பையன் இருக்கான். இதுல எந்த அஞ்சுன்னு அவன் கண்டான்? எண்ணைச் சொல்லிக் கத்துனீங்க, எவனுக்குக் காதுல விழுந்துச்சோ அவன் வந்துட்டான். என் அண்ணன் எங்க நிக்கிறான்?"

ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பத்திரமாகப் பிடித்திருந்த கயிறு. படித்தவனோ பதவிக்காரனோ அறுத்தான் என்றால்கூட ஆறியிருக்கும். காவ் மாய்க்காரன் முகம் தொங்க வேண்டும் என்று சொந்த வம்சமே கைதட்டி அறுத்திருக்கிறது, அதில் அவள் கையும் இருக்கிறது. அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பாங் குரலைத் தாழ்த்தினார். ஒலிபெருக்கி இல்லாத அவர் குரல் அத்தனை சின்னதாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்படி யாராவது வந்திருந்தால் அதற்கும் வழி இருக்கிறது என்றார். இந்த மாதத்தில் எல்லோரும் செய்கிறதுதான். முற்றத்தில் இரண்டு அகப்பை கஞ்சி ஊற்றி அனுப்பிவிட்டு, மறுபடி கியெமைக் கூப்பிடலாம்.

"கஞ்சியா?" தோவா அவரை நேராகப் பார்த்தாள். அண்ணன் முறை, மூத்த கிளை எல்லாம் எங்கோ போய்விட்டது. "வீட்டுக்குள்ள கூப்பிட்டுட்டு, முத்தத்துல கஞ்சி ஊத்துவீங்களா? கூப்பிட்டது நீங்க. விலாசம் சொல்லிக் கூப்பிட்டது நீங்க. அவனும் எவ பெத்த பிள்ளையோ. அவன் ஊரையும் எவனோ இப்படித்தான் பேத்துப் போட்டிருப்பான்."

தட்டை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். இன்னொரு கிண்ணத்தோடும் குச்சியோடும் வந்தாள். சோற்றைக் குவித்து, அழுத்தி, மேலே இன்னும் குவித்து முதல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவது கோப்பையில் சாராயம் ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை. லுவா மட்டும் மூங்கில் சாற்றில் ஒரு கிண்ணம் மொண்டு கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கும் திரும்பாத சித்தப்பா ஒருவர் உண்டு.

பிறகு தோவா பின்கதவைத் திறந்து படித்துறைக்குப் போனாள். உச்சி வெயிலில் குளம் அசையாமல் கிடந்தது. அம்மா நின்ற கல்லில் நின்று, அம்மா கத்தியதுபோலவே வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டாள். நாடு சொல்லவில்லை, மாகாணம் சொல்லவில்லை. "கியெம், தோங் சாய் கியெம், சோறு ஆறுதுடா" என்று கூப்பிட்டாள். குரல் கால்வாயைத் தாண்டிக் காவ் மாய்வரை போனது. அங்கே வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். தோவா மறுபடியும் கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள்.

உள்ளே திரும்பியபோது பாங் அங்கியைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். காசுத் தட்டை இரண்டு கையாலும் எடுத்து அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கினாள், ஆனால் காசு போடவில்லை. அதற்குள் எதற்கு என்று அதைப் பக்கத்தில் வைத்துவிட்டாள். ஊதுவத்திச் சாம்பல் வளைந்து, உதிராமல் நின்றது. யாரும் தொடாத பொரித்த சுருள்களைப் பார்த்தபடி வம்சம் முழுவதும் பசியோடு உட்கார்ந்திருந்தது. தோவா படையலுக்கு முன்னால் சம்மணம் போட்டு, யார் என்று தெரியாத அந்தக் கிண்ணத்தின் பக்கம் கத்தரிக்காய்த் தட்டை நகர்த்தினாள்.

"நீ சாப்பிடுப்பா" என்றாள். "அவன் வர நேரமாகும்."